மீட்டர் 12 காட்டுகிறது, வண்டி ஏன் எழவில்லை?

கடலூர் முதுநகரில் மீன் வியாபாரம் செய்யும் ஒருவர், போன மழைக்காலத்தில் தன் பெட்ரோல் வேனைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். சாவியைத் திருப்பினால் செல்ஃப் (இன்ஜினைச் சுழற்றிவிடும் மோட்டார்) நன்றாக அடிக்கிறது, இன்ஜின் மட்டும் எழவில்லை. அதற்கு முன் வேறொரு இடத்தில் காட்டி, இன்ஜினுக்குப் பெட்ரோலைப் பீச்சும் நான்கு இன்ஜெக்டரையும் புதிதாக மாற்றியிருக்கிறார். மாற்றிய அன்று வண்டி ஓடியது. மூன்றாம் நாள் விடியற்காலை, ஏலம் எடுத்த மீனோடு துறைமுகத்திலேயே நின்றுவிட்டது.

"அண்ணே, புது இன்ஜெக்டர் போட்டு மூணு நாள்தான் ஆகுது. இப்ப அதுவே சரியில்லைனு சொல்றாங்க" என்றார். பழைய நான்கையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

இப்படி வரும் வண்டிகளில் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். நான்கு இன்ஜெக்டரும் ஒரே இரவில் எப்படிச் சாகும்? ஒன்று போனால் வண்டி குலுங்கும், இழுவை குறையும், ஆனால் பெரும்பாலும் ஸ்டார்ட் ஆகிவிடும். நான்கும் சேர்ந்து வாயை மூடினால், நான்குக்கும் பொதுவான ஏதோ ஒன்றில்தான் கோளாறு இருக்கும்.

அந்தப் பொது இடம் எது என்று தெரிய, சர்க்யூட்டை ஒருமுறை மனதில் வரைந்துகொள்ள வேண்டும். சாதாரண பெட்ரோல் இன்ஜினில் ஒவ்வொரு இன்ஜெக்டரிலும் சொருகும் கப்ளரில் இரண்டு வயர்கள்தான். ஒன்று 12 வோல்ட் சப்ளை. பேட்டரியிலிருந்து ஃபியூஸ், மெயின் ரிலே வழியாக வந்து, நடுவில் ஒரு ஜாயின்ட்டில் நான்காகப் பிரியும். பெரும்பாலும் நான்கு கப்ளரிலும் இந்த வயர் ஒரே நிறத்தில் இருக்கும். இன்னொன்று இசிஎம்முக்கு, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டருக்குப் போகும் வயர், நான்கும் நான்கு நிறம். இசிஎம் இந்த வயரை ஒரு நொடியை ஆயிரம் பங்காக்கினால் அதில் சில பங்கு நேரம் மட்டும் எர்த்தோடு சேர்த்துப் பிரிக்கும். அந்த நேரத்தில்தான் காயிலில் கரண்ட் ஓடி, ஊசி தூக்கி, பெட்ரோல் பீச்சும். சப்ளை எப்போதும் இருக்கும், எர்த்தை மட்டும் விட்டு விட்டுக் கொடுப்பார்கள். இதைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

வேனுக்கு வருவோம். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 10.6 வோல்ட்டில் நின்றது, அதில் குறையில்லை. 10-க்குக் கீழே சரிந்தால் நான் வேறு எதையும் தொடமாட்டேன், முதலில் பேட்டரியையும் அதன் எர்த் கேபிளையும்தான் பார்ப்பேன். சாவியை ஆன் செய்ததும் டேங்கில் பம்ப் இரண்டு வினாடி முனகியது. பிரஷர் கேஜ் மாட்டினால் பெட்ரோல் அழுத்தமும் சரி. பிளக்கில் பொறி வருகிறது. பத்து வினாடி செல்ஃப் அடித்துவிட்டுப் பிளக்கைக் கழற்றினால் எலும்பு போலக் காய்ந்திருந்தது. ஆக, பெட்ரோல் வாசல் வரை வருகிறது, வாசல் திறக்கவில்லை. (இந்த இடத்தில் சிலர் ஏர் ஹோஸைக் கழற்றி உள்ளே பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் செய்து பார்ப்பார்கள். பேக்ஃபயர் அடித்தால் முகம் கருகிவிடும். தயவுசெய்து வேண்டாம்.)

அடுத்து கப்ளரைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, சப்ளை வயரில் மீட்டர் வைத்தேன். 12.3 வோல்ட். முன்பு பார்த்தவரும் இதைப் பார்த்திருப்பார். சப்ளை இருக்கிறது, வண்டி எழவில்லை, அப்படியானால் இன்ஜெக்டர்தான் போயிருக்கிறது என்று முடிவு கட்டியிருப்பார். அவரைக் குறை சொல்லவில்லை, மீட்டர் அப்படித்தான் ஏமாற்றும்.

மீட்டர் இழுக்கும் கரண்ட் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. முப்பது இழை உள்ள வயரில் இருபத்தொன்பது அற்றுப்போய் ஒரே ஓர் இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் மீட்டர் நெஞ்சை நிமிர்த்தி 12 என்று காட்டும். ஆனால் 14 ஓம் உள்ள ஓர் இன்ஜெக்டருக்கு ஏறக்குறைய 0.9 ஆம்பியர் வேண்டும். அந்த ஒற்றை இழையும் அதைச் சுற்றிய செம்புக் களிம்பும் அவ்வளவு கரண்ட்டைத் தாங்காது, பாரம் ஏறியதும் வோல்டேஜ் மடங்கி விழும். கப்ளரை மாட்டிவைத்து, சாவியை மட்டும் ஆன் செய்து பார்த்தாலும் இது தெரியாது. இசிஎம் எர்த் கொடுக்காதவரை அந்த வயரில் கரண்ட்டே ஓடாது.

அதனால் என் கையில் எப்போதும் ஒரு பழைய இண்டிகேட்டர் பல்பு இருக்கும். 21 வாட், இரண்டு வயர், இரண்டு முனையிலும் சரியான அளவு டெர்மினல். அதன் ஒரு முனையைச் சப்ளை பின்னிலும், மறுமுனையைப் பேட்டரி நெகட்டிவிலும் வைத்தேன். பல்பின் உள்ளே இழை மட்டும் செம்மண் நிறத்தில் லேசாகச் சிவந்தது, அவ்வளவுதான். எரியும்போதே மீட்டரையும் பக்கத்தில் வைத்தேன். 12.3 இருந்த இடத்தில் 4. வண்டிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பல்பை எடுத்தால் 12, வைத்தால் 4. அவர் இரண்டு முறை தானே வைத்து எடுத்துப் பார்த்தார்.

அந்த வகை வேனில் இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கும். மீன் பெட்டியின் ஐஸ் உருகி, உப்புத் தண்ணீர் தரை விரிப்பின் அடியில் ஓடி, சொட்டுச் சொட்டாக வயர் கட்டின் மேலேயே இறங்கியிருக்கிறது. கட்டைப் பிரித்து டேப்பை உரித்தபோது, நான்காகப் பிரியும் அந்த ஜாயின்ட் களிம்பேறிப் பச்சையாக இருந்தது. விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தது. இன்ஜெக்டர் மாற்றும்போது கட்டை அசைத்ததில் இழை எப்படியோ தொட்டுக்கொண்டு மூன்று நாள் ஓடியிருக்கிறது. களிம்பு போன தூரம் வரை வெட்டி எறிந்து, புது வயர் போட்டு, கிரிம்ப் செய்து, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் டியூபால் மூடினேன். பல்பை வைத்தால் பளிச்சென்று எரிந்தது. செல்ஃப் தொட்டதும் வண்டி எழுந்துவிட்டது.

இந்தப் பல்புச் சோதனையைச் சப்ளை பக்கத்தில் மட்டும்தான் செய்ய வேண்டும். இசிஎம் பக்க வயரில் 21 வாட் பல்பைத் தொங்கவிட்டால் இசிஎம்முக்குள் இருக்கும் டிரைவர் (எர்த்தைச் சேர்த்துப் பிரிக்கும் எலக்ட்ரானிக் சுவிட்ச்) எரிந்துபோகலாம், அது ஓர் இன்ஜெக்டர் விலையில் முடியாது. அந்தப் பக்கத்துக்கு நாய்டு லைட் என்ற சின்னச் சோதனை விளக்கு இருக்கிறது. கப்ளரில் சொருகி செல்ஃப் அடித்தால் விளக்கு துடிக்க வேண்டும். துடித்தால் பல்ஸ், அதாவது இசிஎம் விட்டு விட்டுக் கொடுக்கும் எர்த், வருகிறது. ஆனால் எல்இடி நாய்டு லைட் துளிக் கரண்ட்டில் எரிந்துவிடும் என்பதால், இந்த வேன் போன்ற கேஸில் அதுவும் மீட்டரைப் போலவே பொய் சொல்லும். பல்பு முதலில், நாய்டு லைட் பிறகு என்பது என் பழக்கம்.

சப்ளை நன்றாக இருந்து பல்ஸ் மட்டும் வராவிட்டால், இசிஎம்மில் பதிவாவதைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டிக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். ஆர்பிஎம் (இன்ஜின் சுழலும் வேகம்) பூஜ்யத்திலேயே நின்றால், அந்தச் சுழற்சியை இசிஎம்முக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரையும் அதன் வயரையும் பார்க்க வேண்டும். ஆர்பிஎம் வருகிறது, சாவி விளக்கு மட்டும் டாஷ்போர்டில் மின்னுகிறது என்றால், பெரும்பாலும் இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாவிட்டால் வண்டியை எழவிடாத திருட்டுத் தடுப்பு) தடுக்கிறது. பி 0201 முதல் பி 0204 வரை கோட் வந்தால், அந்தந்த இன்ஜெக்டரின் சர்க்யூட்டில் கோளாறு என்று பொருள். இன்ஜெக்டரை மாற்று என்று ஸ்கேனர் சொல்லவில்லை. இது நம் ஊரில் எத்தனை பேருடைய காசைத் தின்றிருக்கிறது!

இன்னொன்று, கொஞ்சம் பயமானது. நாய்டு லைட் துடிக்காமல் நிலையாக எரிந்தால், பெரும்பாலும் இசிஎம் வயர் எங்கேயோ உரசி பாடியில் எர்த் ஆகிறது. சாவி ஆனில் இருக்கும்வரை அந்த இன்ஜெக்டர் மூடவே மூடாது, சிலிண்டருக்குள் பெட்ரோல் நிரம்பும். ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவி மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ ஆயில் மட்டம் ஏறியிருந்தாலோ செல்ஃபைத் தொடவே கூடாது. திரவத்தை நசுக்க முடியாது, கனெக்டிங் ராடுதான் வளையும்.

நம் கடற்கரை ஊர்களுக்கென்று ஒரு வார்த்தை. வயரின் தோலில் குண்டூசி குத்தி வோல்டேஜ் பார்க்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். தேவனாம்பட்டினத்திலும் புதுச்சேரி கடற்கரைச் சாலையிலும் நிற்கும் வண்டிக்கு அந்த ஓட்டை போதும். உப்புக் காற்று அதன் வழியே உள்ளே போய், வெளியே ஒன்றும் தெரியாமல் செம்பைத் தின்னும். கப்ளரின் பின்பக்கமாக, ரப்பர் சீலின் ஓரத்தில் மெல்லிய புரோப் விட்டுப் பாருங்கள்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, அடுத்த நாட்களில் தென்பெண்ணை பொங்கியபோது தண்ணீரில் நின்ற வண்டிகளில் பல, சுத்தம் செய்து ஓட ஆரம்பித்து மாதங்கள் கழித்துத்தான் இந்தக் களிம்புக் கோளாறோடு வந்தன. தண்ணீரில் நின்ற வண்டியில் சாவியைத் தொடாமல் முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். பிறகு ஒவ்வொரு கப்ளரையும் திறந்து உலர்த்திச் சுத்தம் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

இங்கே சொன்னவை சாதாரண பெட்ரோல் வண்டிக்கு மட்டும். சிஆர்டிஐ (ஒரே ரெயில் குழாயிலிருந்து அதிக அழுத்தத்தில் பீச்சும்) டீசலிலும் நேரடி இன்ஜெக்ஷன் பெட்ரோலிலும் இன்ஜெக்டர் வயரில் 12 வோல்ட்டைவிடப் பல மடங்கு வோல்டேஜ் வரலாம், அதில் பல்பும் வேண்டாம், கையும் வேண்டாம். டீசல் ரெயிலில் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேலும் ஏறும். ஓடும் இன்ஜினில் பைப்பைத் தளர்த்தினால் டீசல் தோலைக் கிழித்துக்கொண்டு உள்ளே போகும். அதற்கான கருவி உள்ள இடத்தில் விடுங்கள்.

வேன்காரர் கிளம்பும்முன், அந்தக் கவரை வாங்கி, பழைய இன்ஜெக்டர்கள் நான்கையும் மேசையில் வரிசையாக வைத்து, மீட்டரை 200 ஓமில் திருப்பி ஒவ்வொன்றாக வைத்தேன். 13.8, 13.9, 13.8, 14.0. அவர் எண்களையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப இதெல்லாம் நல்லாத்தான் இருக்கா அண்ணே?" காயில்கள் நன்றாகத்தான் இருக்கின்றன, கிளீன் செய்து ஸ்பிரேயும் பார்த்துவிட்டால் ஸ்பேராகவே வைத்துக்கொள்ளலாம் என்றேன். துணியில் சுற்றி, உப்புத் தண்ணீர் படாத இடமாகப் பார்த்து, டாஷ்போர்டு அறைக்குள் வைத்துக்கொண்டு போனார்.