கைசன் என்பதற்குத் தமிழ் என்ன?

ஓசூரிலோ திருப்பெரும்புதூரிலோ உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒருவரிடம் கைசன் என்றால் என்னவென்று கேட்டால், அவர் வரையறை எதுவும் சொல்லமாட்டார். "இந்த மாசம் ரெண்டு கைசன் குடுத்துட்டேன்" என்பார். தன் வேலைமுறையைச் செம்மைப்படுத்தச் செய்த சிறு மாற்றத்தைத்தான் அப்படிச் சொல்கிறார். மேலாண்மைப் பாடநூல்களோ அதே சொல்லைத் 'தொடர் மேம்பாடு' என்று பெயர்த்து வைத்திருக்கின்றன. தொழிலாளி எண்ணிச் சொல்லும் ஒன்றைப் பாடநூல் எண்ணவே முடியாத ஒரு கொள்கையாக்கிவிட்டது.

கைசன் ஜப்பானியச் சொல். இரண்டு சித்திர எழுத்துகளால் எழுதப்படுவது. முதலெழுத்தான 'கை' மாற்றுதல், புதுக்குதல் என்ற பொருளையும், இரண்டாவதான 'சென்' நன்மை என்ற பொருளையும் தருகின்றன. தொழிலாளியின் கைத்திறனைக் குறிக்கும் சொல் இது என்று எண்ண ஆசையாகத்தான் இருக்கிறது; ஆனால் நம் 'கை'க்கும் அதற்கும் ஒலியொற்றுமை தவிர வேறு உறவு கிடையாது. இதைவிடப் பரவலான பிழை, பின்பகுதியை ஜென் பௌத்தத்தோடு முடிச்சுப் போடுவது. அந்த ஜென் வேறு எழுத்து. வடமொழியின் 'தியானம்' சீனத்தில் 'சான்' ஆகி ஜப்பானுக்குப் போன சொல். 'கைஜென்' என்று எழுதினால் இந்தக் குழப்பத்துக்கு நாமே வழிவிட்டதாகிவிடும். ஆகவே 'கைசன்' என்றோ 'கைசென்' என்றோ எழுதுவதே நன்று.

ஜப்பானில் இது ஆலைக்கென்று பிறந்த சொல்லன்று. உணவுப்பழக்கத்தை நல்லபடியாக மாற்றிக்கொள்வதும், கிராமத்து வீட்டின் புகையடுப்பை மாற்றி வாழ்க்கையைச் செம்மைப்படுத்துவதும் அங்கே கைசன்தான். ஆலை சார்ந்த பொருளில் வரும்போது மட்டும், அந்நியச் சொற்களை எழுதப் பயன்படும் கத்தகானா எழுத்தில் இதைப் பலரும் எழுதுகிறார்கள். சொந்த மொழிச் சொல்லே வெளியூர்ச் சட்டை போட்டுக்கொண்டு வருவது போன்றது இது.

அந்தச் சட்டைக்கும் காரணம் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, அமெரிக்கர்கள் தங்கள் போர்க்காலத் தொழிற்பயிற்சித் திட்டத்தை ஜப்பானுக்குக் கொண்டுவந்தார்கள். செய்யும் வேலையைச் சிறு அசைவுகளாகப் பிரி, ஒவ்வொன்றும் ஏன் என்று கேள், புதிய முறையை வகு, அதை நடைமுறைப்படுத்து என்ற நான்கு படிகள் அதில் ஒரு பாடமாக இருந்தன. 1950இல் அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங் அங்கு சென்று தரக் கட்டுப்பாட்டுக்குப் புள்ளியியலைப் பயன்படுத்துவது பற்றி விரிவுரைகள் நிகழ்த்தினார். அதே ஆண்டில் டொயோட்டாவின் எய்ஜி டொயோடா ஃபோர்டு ஆலையைப் பார்வையிட்டார். அங்கிருந்த யோசனைப் பெட்டி முறையைத் தழுவி 1951இல் டொயோட்டா தன் தொழிலாளரிடம் யோசனைகள் கேட்கத் தொடங்கியது. இந்த நடைமுறைகளோடு சேர்ந்து உருவான கைசனை, 1986இல் ஜப்பானிய மேலாண்மை ஆலோசகர் மசாக்கி இமாய் அதே பெயரில் ஆங்கிலத்தில் எழுதிய நூல் உலகெங்கும் பரப்பியது. தமிழ்நாட்டில் இச்சொல்லுக்கு மதிப்பு கூடியதில் சென்னை பாடியிலுள்ள வாகன உதிரிபாக நிறுவனமான சுந்தரம் கிளேட்டனுக்குப் பங்குண்டு. தர மேலாண்மைக்காக ஜப்பானில் வழங்கப்படும் டெமிங் விருதை 1998இல் பெற்ற அந்நிறுவனமே அவ்விருதை வென்ற முதல் இந்திய நிறுவனம்.

இனி, தொழிலாளி 'கொடுப்பது' என்ன என்று பார்ப்போம். போல்ட் போடும் ஒருவருக்குப் பின்னால், தரையில், போல்ட் பெட்டி இருக்கிறது என்று கொள்வோம். ஒவ்வொரு முறையும் திரும்பிக் குனிந்து எடுத்து மீள அவருக்கு 4 நொடி ஆகிறது. ஒரு ஷிஃப்டில் 450 உருப்படி என்றால் 1,800 நொடி, அதாவது அரைமணி நேரம், வெறும் திரும்பலிலேயே கழிகிறது; இடுப்புவலி கணக்கில் வராது. அந்தப் பெட்டியை அவருக்கு முன்னால், இடுப்புயரத்தில், சற்றே சரித்து வைத்தால் அது ஒரு கைசன். ஜப்பானியர் 'முடா' என்று சொல்லும் வீண் அங்கே ஒழிகிறது. ஆனால் வேலை அதோடு முடிவதில்லை. பெட்டி இருக்கவேண்டிய இடத்தை வேலைமுறைத் தாளில் திருத்தி எழுதி, இரவு ஷிஃப்டுக்கு வருபவரும் அப்படியே செய்யும்படி ஆக்கவேண்டும். இல்லாவிட்டால் அது ஒருவருடைய சௌகரியமாக மட்டும் நின்றுவிடும்.

இந்த எடுத்துக்காட்டில் 'தொடர்' எங்கே இருக்கிறது? ஜப்பானியச் சொல்லின் இரண்டு எழுத்துகளிலும் அது இல்லை. ஆங்கில விளக்கம் சேர்த்ததை நாம் அப்படியே பெயர்த்திருக்கிறோம். 'இரண்டு தொடர் மேம்பாடு கொடுத்தேன்' என்று எந்த வாயும் சொல்லாது. 'நன்மாற்றம்' எழுத்துக்கெழுத்து சரி என்றாலும் வாழ்த்து மடலின் வாடை வீசுகிறது. 'மறுசீரமைப்பு' வேறு பொருள்: ஒரு நிறுவனத்தின் செயல்முறை முழுவதையும் கலைத்துவிட்டுப் புதிதாக வகுப்பதை 1990இல் அமெரிக்க மேலாண்மை அறிஞர் மைக்கேல் ஹாமர் வலியுறுத்தினாரே, அதற்கு அது பொருந்தும். இத்தகைய பெருமாற்றத்தை ஜப்பானியரும் 'கைகாக்கு' என்று தனியே பிரித்துச் சொல்கிறார்கள்.

எனக்குப் படுவது 'திருத்தம்'. இன்று அச்சுப்பிழையோடு சேர்த்தே இச்சொல்லை நினைக்கிறோம் என்பதால், தவறு நடந்திருந்தால்தான் திருத்தம் என்ற மறுப்பு வரக்கூடும். ஆனால் காட்டைத் திருத்திக் கழனியாக்கினார்கள் என்றால் காடு ஒரு பிழை என்று பொருளில்லை. வைணவ வீடுகளில் காய் திருத்துகிறார்கள் என்றால் காயின் மேல் குற்றமில்லை. இருப்பதைப் பயன்பாட்டுக்கு இன்னும் ஏற்றதாக்குவதே அச்சொல்லின் பழம்பொருள். எண்ணவும் வசதியானது, அரசியலமைப்புத் திருத்தங்களை எண்ணிட்டுத்தானே குறிப்பிடுகிறோம்! சட்டத்தோடும் அச்சோடும் குழம்பாதிருக்கப் 'பணித்திருத்தம்' என்று அடைகொடுத்து வழங்கலாம். தொழிலாளி நிரப்பிக் கொடுக்கும் தாளில் 'முன்பு', 'பின்பு' என்று இரண்டு படங்களுக்கு இடம் விட்டிருப்பார்கள். அதன் தலைப்பில் அச்சிட இந்தச் சொல் போதும்.