ஆறிப்போன எலிக்கடி

தாராவியில் மழைக்காலம் வந்துவிட்டால் என் கிளினிக் பெஞ்சு காலியாக இருக்காது. காய்ச்சல் என்றாலே மலேரியா, டெங்கு, எலிக்காய்ச்சல் என்று வரிசையாக ரத்தப் பரிசோதனைதான். அன்று வந்த அக்காவுக்கு எதிலும் ஒன்றும் தெரியவில்லை. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், இட்லி அவித்து விற்பவர். ஐந்து நாளாகக் குளிர்காய்ச்சல், வாந்தி. மணிக்கட்டு வீங்கி, இட்லித் துணியைப் பிழியக்கூட முடியவில்லை என்றார். கையை விரிக்கச் சொன்னேன். உள்ளங்கையெல்லாம் சிவப்புப் புள்ளிகள். பாதத்திலும் அப்படியே.

"எலி ஏதும் கடிச்சுதா அக்கா?"

"அரிசி மூட்டைய நகத்தும்போது விரல்ல கடிச்சுது. ரெண்டு வாரமாச்சே டாக்டரம்மா. டிடி ஊசி போட்டேன், புண்ணும் ஆறிப்போச்சு."

ஆறித்தான் போயிருந்தது. ஆள்காட்டி விரலில் கடுகளவு தழும்பு, அவ்வளவுதான்.

இது எலிக்கடிக் காய்ச்சல். அபூர்வமானது. வெள்ளத்தில் நடப்பவர்களுக்கு வரும் எலிக்காய்ச்சல் வேறு. அது எலியின் சிறுநீர் வழியாக வருவது. இந்தக் கிருமி, ஸ்ட்ரெப்டோபாசில்லஸ் மோனிலிஃபார்மிஸ், எலியின் வாயிலேயே குடியிருக்கிறது. கடித்தாலோ பிறாண்டினாலோ நமக்குத் தொற்றும். எலி வாய்வைத்த உணவாலும் வரலாம். பெரும்பாலும் 3 முதல் 10 நாளில் காய்ச்சல் தொடங்கும், சிலருக்கு மூன்று வாரம்கூட ஆகும். அதற்குள் புண் ஆறிவிடுவதால் கடித்ததை யாரும் சொல்வதில்லை. நாங்களும் கேட்பதில்லை. அந்தத் தப்பு எங்களுடையது.

ஆசியாவில் எலிக்கடிக் காய்ச்சலைத் தரும் ஸ்பைரில்லம் மைனஸ் என்ற இன்னொரு கிருமியும் உண்டு. அதில் ஆறிய இடமே மறுபடி வீங்கிப் புண்ணாகும், காய்ச்சல் விட்டுவிட்டு வரும்.

டிடி ஊசி ரணஜன்னி எனும் டெட்டனஸுக்குத்தான் காவல், எலிக்கடிக் காய்ச்சலுக்கு அல்ல. ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையிலும் ஸ்ட்ரெப்டோபாசில்லஸ் லேசில் வளராது. வழக்கமான கல்ச்சர் பாட்டிலில் ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் மருந்தே இதன் வளர்ச்சியைத் தடுத்துவிடும். அதனால் நோயாளி சொல்லும் அந்த ஒரு வரிதான் எங்களுக்குத் துப்பு. அக்காவைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, சந்தேகத்தின் பேரிலேயே பெனிசிலின் தொடங்க வைத்தோம். பழைய மருந்துதான், நன்றாகக் கேட்கும். சிகிச்சை இல்லாமல் விட்டால் இதய வால்வு வரை போகும்; நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் இறந்தும் போகிறார்கள். அக்கா பிழைத்துவிட்டார்.

எலியோ பெருச்சாளியோ கடித்தால் உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். மஞ்சள் அப்பிவிட்டு இருந்துவிடாமல் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். அப்புறம், வீட்டுக் காலண்டரில் அந்தத் தேதியை வட்டமிட்டு வையுங்கள். அடுத்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அந்தத் தேதியைச் சொல்லுங்கள்.