விற்பனைக்கு ஜகாத் இல்லை, பாய்

நோன்பு மாதம் முடிந்து கணக்குப் புத்தகங்கள் என் மேசைக்கு வரும்போது, ஜிஎஸ்டி பில்களுக்கு நடுவே அடகுச் சீட்டும் சேர்ந்தே வருகிறது. இந்த வருடமும் ஒன்று. ஒரு கடைக்காரர், அவர் மனைவியின் ஆறு பவுன் வளையல். “சரக்கு எடுக்கவாண்ணே?” என்று கேட்டேன். “இல்ல தம்பி, ஜகாத் கொடுக்கக் காசு பத்தல.”

ஜகாத் என்பது வசதியுள்ள முஸ்லிம் வருடத்துக்கு ஒருமுறை தன் சொத்தில் இரண்டரை சதவீதம் கொடுக்க வேண்டிய கட்டாய தர்மம். வட்டிக்கு வைத்து அந்த ஜகாத்! மதுரையில் வரிக் கணக்குப் பார்க்கிறவனுக்கு இது புதிதல்ல. ஆனால் இந்த முறை எனக்குப் பொறுமை போய்விட்டது. காரணம், அவர் கொடுத்ததில் பெரும்பகுதி அவர்மேல் கடமையே இல்லை.

ரெடிமேட் கடை. எண்களை மாற்றிச் சொல்கிறேன். வருடத்துக்கு ஒரு கோடி விற்பனை, அதில் இரண்டரை சதவீதம், ஆக இரண்டரை லட்சம். “எங்க அத்தா காலத்துலருந்து இப்படித்தான் போடுறோம்” என்கிறார். ஜிஎஸ்டி ரிட்டர்னில் உள்ள விற்பனைத் தொகையை அப்படியே எடுத்து நாற்பதால் வகுப்பது! அந்த ஒரு கோடியில் முக்கால்வாசிக்கு மேல் ஈரோட்டுக்கும் திருப்பூருக்கும் போய்விட்டதே? அதே பணம்தான் சரக்காகி, காசாகி, மறுபடி சரக்காகி வருடத்தில் ஆறேழு தடவை சுற்றுகிறது. சுற்றுக்குச் சுற்று ஜகாத் கொடு என்று மார்க்கம் கேட்கவில்லை.

வருடம் நிறைகிற அந்த நாளில் கையில் என்ன இருக்கிறது என்பதுதான் கணக்கு. விற்பனைக்கான சரக்கு, அன்றைய சந்தை விலைக்கு, 14 லட்சம். ரொக்கமும் வங்கி இருப்பும் 2 லட்சம். வசூலாகும் என்று நம்பிக்கையுள்ள பாக்கி 4 லட்சம். மொத்தம் 20. ரேக், கம்ப்யூட்டர், டெலிவரி வண்டி, சொந்தக் கடைக் கட்டடம் எதுவும் இதில் சேராது. சரக்கு தந்தவர்களுக்குக் கொடுக்க வேண்டிய 8 லட்சத்தைக் கழித்தால் 12. ஜகாத் 30,000 ரூபாய். கடனைக் கழிப்பதில் ஹனஃபி, ஷாஃபி என்ற மார்க்கச் சட்டப் பிரிவுகளுக்குள் வேறுபாடு உண்டு. அதை மார்க்க அறிஞரான ஆலிமிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம். கழிக்காமலே போட்டாலும் 50,000தான். இரண்டரை லட்சம் எங்கிருந்து வந்தது?

இதற்கெல்லாம் முன்னால் நிஸாப் என்ற குறைந்தபட்ச அளவு ஒன்று இருக்கிறது. தங்கக் கணக்கில் 11 பவுன் என்பார்கள். வெள்ளிக் கணக்கில் சுமார் 600 கிராம். இருப்பு அதைத் தொடவில்லை என்றால் ஜகாத்தே கிடையாது.

“கூடக் கொடுத்தா நன்மைதானே” என்பவர்கள் உண்டு. கொடுங்கள், அது சதகா, விரும்பிச் செய்யும் தர்மம். கையில் இருந்தால் கொடுப்பது. நபித்தோழர் ஸஅத் இப்னு அபீ வக்காஸ் அவர்கள் தம் சொத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தர்மம் செய்யக் கேட்டபோது நபிகள் நாயகம் மறுத்தார்கள். மூன்றில் ஒன்று, அதுவே அதிகம் என்றார்கள். வாரிசுகள் பிறரிடம் கையேந்தக் கூடாது என்பது காரணம். அவர் கேட்டதாவது சொந்தச் சொத்திலிருந்து, இங்கே அடகுப் பணத்திலிருந்து.

இன்னொரு தலைவலி, ஊழியர்களின் பெருநாள் போனஸை ஜகாத்தில் எழுதுவது. போனஸ் அவர்கள் உழைத்த காசு. ஊழியர் ஏழை என்றால் ஜகாத்தைத் தனியாகக் கொடுங்கள், சம்பளக் கணக்கில் நுழைக்காதீர்கள். ஹோட்டல் ஹால் பிடித்து வியாபாரிகளுக்கு வைக்கும் இஃப்தார் என்ற நோன்பு திறப்பு விருந்தும் ஜகாத் அல்ல. விளம்பரச் செலவில் எழுதித் தருகிறேன். அப்புறம், நன்கொடை ரசீதோடு வருபவர்களுக்கு: 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்ததற்கு நன்கொடைக்கான வருமான வரிக் கழிவு கிடைக்காது. புதிய வரி முறையில் அந்தக் கழிவே இல்லை.

நோன்புக்கு முந்தைய மாதமான ஷஅபானிலேயே சரக்கை எண்ணிவிடுங்கள். நோன்பு இருபத்தேழில் தராவீஹ் இரவுத் தொழுகை முடிந்து வந்து கால்குலேட்டரைத் தட்டாதீர்கள். வாடகை, சம்பளம், ஜூனில் வரும் பள்ளிக் கட்டணம், இவற்றை முதலில் ஒதுக்குங்கள். நோன்புப் பெருநாள் தர்மமான ஃபித்ரா தலைக்கு இரண்டரை கிலோ அரிசி அளவுதான், அது பெருநாள் தொழுகைக்கு முன் போய்ச் சேரட்டும். பெரிய தொகை வருகிறவர்கள் ஜகாத்தை முன்கூட்டியே மாதாமாதம் கொடுத்து வரலாமா என்று ஆலிமிடம் கேளுங்கள். பலரும் வழி சொல்கிறார்கள்.

கடனில் தவிப்பவர்களுக்கு ஒன்று. ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டுப் பிரிவினரில் கடனாளிகளும் உண்டு, குர்ஆன் 9:60. தெருவில் நாலு பேர் பார்க்க “இந்த வருஷம் முடியல” என்று சொல்லக் கூச்சமாக இருக்கும், புரிகிறது. என்னிடம் சொல்லுங்கள். ஜகாத் கணக்குக்கு நான் கட்டணம் வாங்குவதில்லை. சரக்குப் பட்டியலில் மட்டும் “சுமார் பத்து லட்சம்” என்று ஒரே வரியாக எழுதிக்கொண்டு வராதீர்கள்.