ரிமோட்டில் எத்தனையாவது எண்?

"டீக்கடையில நாள் பூரா ஒரே நியூஸ் சேனல்தான் ஓடுது. அது ஓட்டை மாத்துமா?" என்று சேலம் அம்மாபேட்டை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். மாற்றும். எவ்வளவு என்று அளப்பதுதான் பெரும்பாடு.

கடைக்காரர் முன்பே அந்தக் கட்சி ஆளாக இருந்தால், சேனல் அவரை மாற்றவில்லை. அவர்தான் சேனலைத் தேர்ந்தெடுத்தார். பார்ப்பவரையும் பார்க்காதவரையும் வெறுமனே ஒப்பிட்டால் இரண்டும் கலந்துவிடும்.

அமெரிக்காவில் கிரெகரி மார்ட்டினும் அலி யுருகொக்ளுவும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பிரித்த விதம் அபாரம். அவர்கள் பிடித்தது சேனல் எண்ணை. ரிமோட்டை அமுக்கிக்கொண்டே போகிறவர் சிறிய எண்களில்தான் அதிகம் தங்குவார். குடியரசுக் கட்சிப் பக்கம் சாயும் செய்திச் சேனலான ஃபாக்ஸ் நியூஸ் 1996-இல் தொடங்கியது; ஒவ்வோர் ஊர் கேபிளிலும் ஒவ்வோர் எண்ணில் வந்து உட்கார்ந்தது. ஊராரின் அரசியலுக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமில்லை என்றால், எண் சிறியதாக இருந்ததால் மட்டுமே கூடுதலாகப் பார்த்தவர்களின் ஓட்டைத் தனியே எடுத்துவிடலாம். அப்படிப் பார்த்தவர்களிடம், வாரத்துக்கு 2.5 நிமிடம் கூடியதற்கே குடியரசுக் கட்சி ஓட்டு 0.3 சதவீதப் புள்ளி ஏறியிருந்தது. நம் விளம்பர இடைவேளையே அதைவிட நீளம்!

ஆபரேட்டர் ஊர் மனசறிந்து எண் கொடுத்திருந்தால் கணக்கு பாழ். அதனால் சேனல் வருவதற்கு முந்தைய தேர்தல் முடிவுகளையும் எண்ணோடு பொருத்திப் பார்க்க வேண்டும். அப்போதே தொடர்பு தெரிந்தால் ஆய்வைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

0.3 அற்பமா? 2000 அமெரிக்க அதிபர் தேர்தலில் புஷ் ஃப்ளோரிடா மாநிலத்தை வென்றது 537 ஓட்டில்.

சேலத்தில் இந்த வித்தை பலிக்காது. இங்கே செட்டாப் பாக்ஸில் செய்திச் சேனல்கள் ஒரே வரிசையில் அடுத்தடுத்து இருக்கின்றன. டிவியைப் போட்டதும் தானாக வரும் இடத்துக்குச் சேனல்கள் பணம் கொடுக்கின்றன; அது தற்செயலாக அமைவதல்ல. எந்தச் சேனல் எந்தக் கட்சி என்பது ஏற்காடு வரை எல்லோருக்கும் தெரியும். சொல்வதில் பாதியைக் கழித்துத்தான் கேட்கிறார்கள். ஆனால் காட்டாமலே விட்ட செய்தியை எப்படிக் கழிப்பது? சாய்வின் கூர்மையான பக்கம் அதுதான்.

இங்கே அளக்க, குலுக்கல் போட்டு வீடுகளைத் தேர்ந்து இலவசமாகப் பேப்பர் போடலாம். 2005 வர்ஜீனியா ஆளுநர் தேர்தலின்போது அப்படிச் செய்திருக்கிறார்கள். 3 புள்ளி வித்தியாசத்தைப் பிடிக்கவே பேப்பர் வாங்கியவர், வாங்காதவர் என ஒவ்வொரு தரப்பிலும் சுமார் 4,400 பேர் வேண்டும், 0.3-க்கு அதைப்போல் நூறு மடங்கு. வேட்புமனுவுக்கு ராகுகாலம் பார்க்கும் கட்சிகள் இதற்குக் காசு தரப்போவதில்லை. பல்கலைக்கழக நிதிதான் வேண்டும். குலுக்கலில் விடுபட்ட வீடுகளுக்கு, வாக்குப்பதிவு முடிந்து, யாருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்று கேட்கும் கேள்வித்தாளையும் நிரப்பி வாங்கிய பிறகு அதே பேப்பரைப் போடலாம். ஆய்வு கெடாது.