கேம் பாத்திரம் செத்தால் நமக்கு ஏன் வலிக்கிறது?

2007-இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட ‘போர்ட்டல்’ கேமில் ஒரு பெட்டி வரும். முகமோ குரலோ கிடையாது. பக்கங்களில் இதயம் வரைந்த வெறும் கனசதுரம். 17-ஆம் சோதனை அறை முழுக்க அதைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும். ஏறி நிற்க, பட்டனை அழுத்தி வைக்க, பறந்து வரும் ஒளிக்குண்டைத் தடுக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். கடைசியில் அதை உங்கள் கையாலேயே எரிஉலையில் போட்டால்தான் மேலே போக முடியும். அந்த உலை முன்னால் நின்று, வேறு வழி ஏதாவது இருக்காதா என்று துழாவாத கேமர்கள் குறைவு.

இது தற்செயல் இல்லை. முதலில் ஆடிப் பார்த்தவர்கள் அந்தப் பெட்டியை அங்கங்கே மறந்து விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். அதனால்தான் அதற்கு இதயம் வந்தது, ‘துணை’ என்று பேரும் வந்தது. தனிமையில் அடைக்கப்பட்டவர்கள் உயிரில்லாத பொருட்களோடும் ஒட்டிக்கொள்வார்கள் என்று விசாரணை முறைகள் பற்றிய அரசு ஆவணம் ஒன்றில் கதாசிரியர் எரிக் வோல்பா படித்திருந்தார். அதை அப்படியே நம்மீது சோதித்துவிட்டார்கள்.

பெட்டிக்கே இப்படி. 1944-இல் உளவியலாளர்கள் ஃபிரிட்ஸ் ஹைடரும் மரியான் சிம்மலும் இரண்டு முக்கோணமும் ஒரு வட்டமும் அங்குமிங்கும் நகரும் சிறு படம் ஒன்றைக் காட்டினார்கள். பார்த்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் அதில் சண்டைக்காரனையும், பயந்து ஓடுபவரையும் கண்டார்கள். அசைவில் நோக்கம் தெரிந்தால் போதும், மூளை அங்கே ஓர் ஆளை வைத்துவிடும். ‘இது வெறும் கற்பனை’ என்ற அறிவு கூடவே இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அனுமதி கேட்டுவிட்டா உணர்ச்சி வருகிறது?

திரையில் வருபவர்களோடு நமக்கு உண்டாகும் இந்த ஒருவழி உறவை சமூக ஆய்வாளர்கள் டொனால்ட் ஹார்ட்டனும் ரிச்சர்ட் வோலும் 1956-இலேயே விவரித்தார்கள். அவர்கள் பேசியது ரேடியோ, டிவி காலத்தைப் பற்றி. அந்தக் கணக்கு கேமுக்கும் பாதி தூரம் பொருந்தும். மீதிப் பாதி கையில் இருக்கிறது.

‘ஃபைனல் ஃபேண்டஸி 7’ கேமில் வரும் எரித் என்ற பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். (கதையைச் சொல்லிக் கெடுக்கிறேன் என்று கோபிக்க வேண்டாம், கேம் 1997-இல் வந்தது.) குணப்படுத்துவதில் கெட்டிக்காரி. சண்டையில் அடி பலமாக விழுந்தால் அவள் பக்கம் கை தானாகப் போகும் அளவுக்குப் பழகியிருப்போம். அந்த கேமில் சண்டையில் விழுந்தவர்களை ‘ஃபீனிக்ஸ் டவுன்’ கொடுத்து எழுப்பிவிடலாம். அதை எத்தனையோ தடவை செய்தும் இருப்போம். அப்புறம் முதல் டிஸ்க்கின் கடைசியில் வில்லன் செஃபிரோத் அவளை வாளால் குத்துகிறான். இந்தத் தடவை எந்த மருந்தும் வேலை செய்யாது. உடனே வரும் சண்டையிலும் வழக்கமான போர் இசை இல்லை. அவளுடைய இசையே தொடர்கிறது. அடுத்து மெனுவைத் திறந்தால் அவள் பெயர் இல்லை. அவளைத் திரும்பக் கொண்டுவர ரகசிய வழி உண்டு என்ற வதந்தி வருஷக்கணக்கில் ஓடியதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

துக்கத்தை ஆராயும் மேரி-ஃபிரான்சஸ் ஓ’கானர் அதை ஒரு வகைக் கற்றல் என்கிறார். நெருங்கியவர் இறந்துவிட்டார் என்ற செய்தி நினைவில் ஒரே நாளில் ஏறிவிடும். ‘அவர் இங்கேதான் இருப்பார்’ என்று நாள்பட மூளை போட்டுவைத்த கணிப்போ அவ்வளவு சீக்கிரம் அழியாது. இருட்டில் இன்னொரு படி இருக்கிறது என்று காலை வைத்து ஏமாறுவது போல, அந்தக் கணிப்பு ஒவ்வொரு முறை பொய்க்கும்போதும் ஓர் அதிர்ச்சி. கேமில் இந்தக் கணிப்புகள் விரலில் ஏறியிருக்கின்றன. என் பார்வையில், சினிமா மரணத்திலிருந்து கேம் மரணம் பிரியும் இடம் இதுதான்.

2018-இல் ராக்ஸ்டார் வெளியிட்ட ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ இதைக் கொஞ்சம் கொடூரமாகவே செய்கிறது. காசநோயோடு போராடும் கதாநாயகன் ஆர்தர் மார்கன் இறந்த பிறகும் கதை நிற்காது. அவன் கூட்டாளி ஜான் மார்ஸ்டனாக ஆட்டம் தொடரும். பட்டன்கள் அதேதான். ஆர்தரின் நாட்குறிப்பில் இப்போது ஜான் எழுதுகிறான். ஆர்தராக நீந்திய பழக்கத்தில் ஆற்றில் இறங்கினால் ஜான் மூழ்கிப்போவான், அவனுக்கு நீச்சல் வராது! ஆர்தர் இல்லை என்பதை அந்த இடத்தில் உடம்பே உணர்கிறது.

சரி, இவ்வளவு இருந்தும் வெளியே சொல்லக் கூச்சப்படுவது ஏன்? சமூகம் துக்கமாக ஒப்புக்கொள்ளாத துக்கம் என்ற கருத்தை துக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1980-களில் முன்வைத்தார். அழ உரிமை இல்லாதவர்போல நடந்துகொள்ள வேண்டியிருப்பதால் அந்தத் துக்கம் கூடுதலாக அழுத்தும். ‘போயும் போயும் ஒரு கேமுக்கா?’ என்ற ஒரே கேள்வி போதும் வாயை அடைக்க. ஜப்பானில் 1970-இல் ‘அஷிட்டா நோ ஜோ’ என்ற மாங்காவின் (ஜப்பானியச் சித்திரக்கதை) குத்துச்சண்டை வீரன் ரிகிஷிக்குப் பதிப்பகக் கட்டடத்திலேயே இறுதிச் சடங்கு நடத்தினார்கள், நூற்றுக்கணக்கானோர் வந்தார்கள். கூட்டமாக அழுவதற்கு அவர்களுக்கு ஓர் இடம் கிடைத்தது.

கேமருக்கு இன்னொரு வசதியும் உண்டு, நிஜ துக்கத்தில் யாருக்கும் கிடைக்காதது: பழைய சேவ், அதாவது ஆட்டத்தை நடுவில் சேமித்துவைத்த பதிவு. மரணத்துக்கு முந்தைய சேவைத் திறந்தால் அதே ஆள், அதே நடை, அதே குரல். கை தேடியதெல்லாம் கிடைக்கும். முடிவு தெரிந்த நினைவு மட்டும் பழைய சேவுக்குத் திரும்பாது. அதனால்தான் சிலர் கதையை நகர்த்தாமல், அடுத்த மிஷனைத் தொடாமல், சும்மா குதிரையில் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள்.