பனிக்கட்டிக்கு அடியில் மூன்று மாதம்

ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில் இங்கிலாந்தின் ட்ரவுட் மீன் எப்படி ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தது என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். மீனாகப் போகவில்லை, முட்டையாகப் போனது.

ஆஸ்திரேலியாவின் தெற்கே உள்ள டாஸ்மேனியா தீவில் குடியேறிய ஆங்கிலேயர்களுக்குச் சொந்த ஊர் சால்மன் மீன்மேல் தீராத ஆசை. 1852இல் ஒரு கப்பலில் தொட்டித் தண்ணீரில் முட்டைகளை அனுப்பினார்கள். வெப்பமண்டலக் கடலில் தண்ணீர் சூடேறி, வழியிலேயே எல்லாம் வீண். 1860இல் அனுப்பியபோது பனிக்கட்டி பாதி வழியில் தீர்ந்துவிட்டது. 1862இல் மறுபடியும் தோல்விதான். ஆனால் அந்தப் பயணத்தில் ஈரப்பாசியில் பொதிந்து பனிக்கட்டி அறையில் வைத்திருந்த ஒரு சிறு பெட்டியின் முட்டைகள் மட்டும் ரொம்ப நாள் தாக்குப்பிடித்தன. பின்னிரண்டு முயற்சிகளை நடத்திய ஜேம்ஸ் யூல் அதை விடாமல் பிடித்துக்கொண்டார். லண்டனில் ஒரு பனிக்கட்டிக் கிடங்கில் வைத்துச் சோதித்தார். நூறு நாள் தாண்டியும் முட்டைகளில் உயிர் இருந்தது.

எனக்குப் பிடித்த இடம் இதுதான். மீன்முட்டைக்குள் கரு வளரும் வேகத்தைத் தீர்மானிப்பது சுற்றியுள்ள வெப்பநிலை. 10 டிகிரி செல்சியஸில் ட்ரவுட் முட்டை சுமார் ஆறு வாரத்தில் பொரியும். 5 டிகிரியில் ஏறக்குறைய இரு மடங்கு நாளாகும். உறைநிலையை ஒட்டிவிட்டால் நான்கு மாதத்துக்கும் மேல் இழுக்கும். கரு சாவதில்லை, மெதுவாக வளர்கிறது, அவ்வளவுதான். ஆக்சிஜன் தேவையும் கூடவே குறைந்துவிடுகிறது.

சரி, தண்ணீருக்குப் பதில் பாசி ஏன்? ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவும். தேங்கிய தொட்டியின் அடியில் கிடக்கும் முட்டை தன்னைச் சுற்றியுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு மூச்சுமுட்டிப் போகும். பாசிக்குள் இருக்கும் முட்டைமேல் மெல்லிய நீர்ப்படலம் மட்டும்தான், அதைத் தாண்டினால் காற்று. மீனின் முட்டை தண்ணீருக்கு வெளியே நன்றாக மூச்சுவிடுகிறது! பெட்டிகளின் மேல் பனிக்கட்டியை அடுக்கி, அது உருகும் நீர் துளைகள் வழியே சொட்டும்படி வைத்தார்கள். குளிர்ச்சியும் ஈரமும் ஒரே சொட்டில் வந்து சேர்ந்தன. கப்பல் ஆடும்போது முட்டைகள் அதிராமல் பாசி தாங்கிக்கொண்டது.

1864 ஜனவரியில் 'நார்ஃபோக்' கப்பல் ஒரு லட்சம் சால்மன் முட்டைகளோடு கிளம்பியது. கூடவே ஒட்டிக்கொண்டவை சுமார் 3,000 ட்ரவுட் முட்டைகள். ஏப்ரலில் மெல்போர்ன், அங்கிருந்து டாஸ்மேனியாவின் பிளென்டி ஆற்றங்கரைக் குளங்கள். மே மாதம் முதல் ட்ரவுட் குஞ்சு பொரிந்தது. அப்புறம் நடந்தது வேடிக்கை. இத்தனை பாடும் சால்மனுக்காகத்தான், ஆனால் கடலுக்குப் போன சால்மன் திரும்பவே இல்லை. ஆற்றிலேயே காலம் தள்ளும் பழுப்பு ட்ரவுட் வேரூன்றியது, நியூசிலாந்துக்கும் அங்கிருந்துதான் போனது.

யூலின் சோதனையை நான் ரசிக்கிறேன், அதற்குப் பின்னால் இருந்த ஆசையை அல்ல. தூண்டில் பொழுதுபோக்குக்காக அரசுப் பணம் தாராளமாக இறங்கியது. அந்த ஆறுகளில் ஏற்கெனவே இருந்த கேலக்ஸியாஸ் என்ற விரல்நீள மீன்களைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. ட்ரவுட் அவற்றைத் தின்கிறது, இரைக்கும் போட்டியிடுகிறது. டாஸ்மேனியாவின் பெடர் ஏரிக்கே உரிய கேலக்ஸியாஸ் வகை, 1972இல் அணை நீர் ஏரியை மூழ்கடித்து ட்ரவுட்டும் உள்ளே புகுந்தபின் அங்கே அழிந்துவிட்டது. மிஞ்சியதில் கொஞ்சத்தைப் பிடித்து, ட்ரவுட் எட்டாத ஓபரான் என்ற மலை ஏரியில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். அங்கே பிழைத்துக்கொண்டிருக்கிறது.