வயிற்றுக் கிருமிக்கு 14 நாள் மாத்திரை: வாய் ஏன் கசக்கிறது, எதை எப்போது சாப்பிடுவது

எச். பைலோரி கிருமிக்கான மாத்திரைகளைத் தொடங்கிய இரண்டு மூன்று நாளில் பலருக்கு வாய் கசக்க ஆரம்பிக்கும். வெறும் தண்ணீர் குடித்தால்கூட செம்புக் காசைச் சப்பியது போல ஒரு ருசி. காலையில் கண்ணாடி முன் நாக்கை நீட்டினால் நடுப்பகுதி கறுத்திருக்கும், மலமும் கறுப்பாகப் போகும், வயிறு இரைந்துகொண்டே இருக்கும், சோற்றைக் கண்டாலே உமட்டும். வயிற்று வலிக்காக டாக்டரிடம் போனவர், போனதைவிட மோசமாகிவிட்டோமோ என்று பயந்துபோவார். வீட்டில் யாராவது "இந்த மருந்து உனக்கு ஒத்துக்கல, விட்டுடு" என்பார்கள், அவரும் விட்டுவிடுவார். அரைகுறையாக மருந்து பட்ட கிருமிகளில் தாக்குப்பிடித்தவை மிஞ்சும், பெருகும், அடுத்த முறை அதே மருந்து வேலை செய்யாமல் போகலாம். இந்தத் தொல்லைகளில் ஒவ்வொன்றும் ஏன் வருகிறது என்று தெரிந்துவிட்டால் 14 நாளையும் கடப்பது உண்மையிலேயே சுலபமாகும் என்பதால் அதை எழுதுகிறேன்.

முதலில் கிருமியைப் பார்ப்போம். ஹெலிகோபாக்டர் பைலோரி திருகு வடிவத்தில் இருக்கும், வால் போன்ற இழைகளைச் சுழற்றி நீந்தும். வெறும் வயிற்றில் இருக்கும் அமிலத்தின் பி.எச். அளவு 1 முதல் 2 வரைதான் (இந்த எண் குறையக் குறைய அமிலம் கடுமையாகும்). அந்தக் கடுமையில் பெரும்பாலான பாக்டீரியாக்கள் செத்துவிடும். இது மட்டும் யூரியேஸ் என்ற நொதியை ஏராளமாகச் சுரந்து, வயிற்றில் இயல்பாகவே இருக்கும் யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்குகிறது. அம்மோனியா அமிலத்தைச் சமன் செய்யும், கூடவே வயிற்றின் உட்சுவரை மூடியிருக்கும் கோழைப்படலத்தை இளக்கும். அதற்குள் புகுந்து சுவரை ஒட்டிக் குடியிருந்துவிட்டால் வருடக்கணக்கில் அசையாது. சுவர் மெல்லமெல்ல அழற்சி அடையும். சிலருக்கு அது புண்ணாகும், வெகு சிலருக்குப் புற்றுநோய் வரை போகும்.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் 1982-ல் இதைக் கண்டுபிடிக்கும் வரை, அல்சருக்குக் காரணம் மனக்கவலையும் காரமும் என்றே மருத்துவ உலகம் நம்பியது. சிகாகோவின் பெர்ட்ராம் சிப்பி என்ற டாக்டர் 1915-ல் வகுத்த பத்தியத்தில் நோயாளிக்கு மணிக்கு ஒரு தரம் பாலும் கிரீமும் கொடுத்தார்கள். மார்ஷல் 1984-ல் கிருமி வளர்த்த திரவத்தைத் தானே குடித்தார், சில நாளில் குமட்டலும் வாந்தியும் வாய்நாற்றமும் வந்தன, எண்டோஸ்கோபியில் வயிற்றழற்சி தெரிந்தது. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் "காரத்தைக் குறை, பால் குடி, சரியாயிடும்" என்ற அறிவுரை மட்டும் நம் வீடுகளில் இன்னும் அப்படியே இருக்கிறது.

சரி, ஒரு கிருமிக்கு எதற்கு இத்தனை மாத்திரை? ஒன்று அமிலத்தைக் குறைப்பது: பான்டோபிரசோல், எசோமிப்ரசோல் போல ஏதாவது. அதோடு அமாக்சிசிலின், கிளாரித்ரோமைசின், மெட்ரோனிடசோல், டெட்ராசைக்ளின் போன்றவற்றில் இரண்டு ஆன்டிபயாடிக்குகள், சிகிச்சை முறையைப் பொறுத்து பிஸ்மத் என்ற உலோகம் கலந்த மருந்து. அமில மாத்திரையை நெஞ்செரிச்சலுக்காக மட்டும் தருவதாகப் பலர் நினைத்துக்கொண்டு, எரிச்சல் இல்லாத நாளில் விட்டுவிடுகிறார்கள். இந்தச் சிகிச்சையில் அதற்கு இன்னும் பெரிய வேலை இருக்கிறது. அமிலம் அதிகமாக இருக்கும்போது கிருமி பெருகாமல் பதுங்கிக் கிடக்கும், அமாக்சிசிலின் போன்ற மருந்தோ பெருகும் பாக்டீரியாவைத்தான் கொல்லும். கிளாரித்ரோமைசினை அமிலமே சிதைத்துவிடும். அமிலம் குறைந்தால் கிருமி பிளந்து பெருகத் தொடங்கும், மருந்தும் சிதையாமல் இருக்கும், அடி சரியாக விழும். இந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் போடச் சொல்வதும் காரணத்தோடுதான். வயிற்றுச் சுவரில் அமிலம் இறைக்கும் பம்புகள் உணவு வரும்போதுதான் முழுவீச்சில் ஓடும், ஓடுகிற பம்பைத்தான் இந்த மருந்து பிடித்து நிறுத்தும். சாப்பிட்டு முடித்த பிறகு போட்டால் பாதி பலன்தான்.

இப்போது வாய்க்கசப்பு. கிளாரித்ரோமைசினும் மெட்ரோனிடசோலும் ரத்தத்தில் கலந்து, அங்கிருந்து எச்சிலில் சுரக்கின்றன. அதனால்தான் பல் தேய்த்தாலும் வாய் கொப்பளித்தாலும் பத்து நிமிடத்தில் திரும்ப வந்துவிடுகிறது, நாக்கின் மேல் ஒட்டியிருக்கும் அழுக்கு என்றால் ஒரு தரம் வழித்தாலே போயிருக்கும். மருந்து நின்ற சில நாளில் தானாகப் போய்விடும். அதுவரை கசப்பை மறைக்கத்தான் முடியும்: ஏலக்காய் மெல்லலாம், கற்கண்டு அடக்கிக்கொள்ளலாம், புதினாத் துவையல் கொஞ்சம் தொட்டுக்கொள்ளலாம். சூடாகச் சாப்பிடுவதைவிட ஆறவைத்துச் சாப்பிட்டால் கசப்பு குறைவாகத் தெரியும் என்று பலர் சொல்கிறார்கள், செய்து பார்ப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

நாக்கு கறுப்பது பிஸ்மத்தின் வேலை. எச்சிலிலும் குடலிலும் உள்ள கந்தகச் சேர்மங்களோடு சேர்ந்து அது பிஸ்மத் சல்ஃபைடு ஆகிறது, அதன் நிறமே கறுப்பு. கெடுதல் எதுவும் இல்லை, மருந்தை நிறுத்தினால் நாக்கும் மலமும் பழையபடி ஆகிவிடும். ஆனால் ஒரு வித்தியாசத்தை மறக்கவே கூடாது. வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தாலும் மலம் கறுப்பாகத்தான் போகும். அது தார் போலப் பிசுபிசுப்பாக, மிக மோசமான நாற்றத்தோடு இருக்கும், தலைசுற்றலும் படபடப்பும் சேர்ந்து வரலாம். அப்படி இருந்தாலோ, ரத்த வாந்தியோ காபித்தூள் நிறத்தில் வாந்தியோ வந்தாலோ யோசிக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள். பிஸ்மத்தும் இரும்புச்சத்து மாத்திரையும் இரண்டுமே எடுக்காதவருக்கு மலம் கறுத்தாலே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

உணவு விஷயத்தில் எது, எவ்வளவு என்பதைவிட எப்போது என்பதுதான் அதிகம் சொதப்பும் இடம். உங்கள் சீட்டில் டெட்ராசைக்ளின் இருந்தால் பால், தயிர், மோர், பன்னீர் எல்லாவற்றுக்கும் மாத்திரையிலிருந்து குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். பாலில் உள்ள கால்சியம் டெட்ராசைக்ளினைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், இரண்டும் சேர்ந்து ரத்தத்தில் ஏறாமல் அப்படியே வெளியே போய்விடும். கால்சியம் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, எரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட் சிரப் இவற்றுக்கும் இதே கதைதான். நம் சாப்பாடு தயிர் சாதத்தில் முடிகிற சாப்பாடு, அதனால் தெரியாமலே மாத்திரையை வீணாக்குகிறவர்கள் நிறையப் பேர். மாத்திரை போடும் வேளைகளில் ரசம் சாதத்தோடு நிறுத்திக்கொண்டு, மோரை முற்பகல் 11 மணிக்குத் தள்ளிவைத்தால் போதும், தயிரையே விட வேண்டியதில்லை. டெட்ராசைக்ளின் இல்லாமல் அமாக்சிசிலினும் கிளாரித்ரோமைசினும் எடுப்பவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடே கிடையாது. இன்னொன்று, டெட்ராசைக்ளினை ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கிவிட்டு உடனே படுத்தால் அது உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கிவிடும். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு அரை மணி நேரமாவது உட்கார்ந்திருங்கள்.

மெட்ரோனிடசோல் இருந்தால் மது கூடவே கூடாது, கடைசி மாத்திரைக்குப் பிறகும் மூன்று நாள் தள்ளியே இருங்கள். உமட்டலுக்குப் பெரிய காரணமும் இந்த மாத்திரைதான், வெறும் வயிற்றில் போடாமல் சாப்பாட்டோடு போட்டால் நன்றாகவே குறையும். கொழுப்புக்கான ஸ்டாட்டின் மாத்திரைகள் சிலவும் கிளாரித்ரோமைசினும் சேர்ந்தால் தசைகளுக்கு ஆபத்து, ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் வார்ஃபரினும் இந்த ஆன்டிபயாடிக்குகளோடு மோதும். வழக்கமாகப் போடும் மாத்திரைகளையெல்லாம் டாக்டரிடம் முதலிலேயே காட்டிவிடுங்கள், நாட்டு மருந்து உட்பட.

வயிறு இளகிப் போவது ஏன் என்றால், ஆன்டிபயாடிக்குக்குக் கெட்டது நல்லது தெரியாது. பெருங்குடலில் வாழும் நல்ல பாக்டீரியாக்களும் அதோடு சாகின்றன. அவை புளிக்கவைத்துத் தீர்க்க வேண்டிய மாவுச்சத்து தீராமல் தங்கி, தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கிறது. நாளைக்கு இரண்டு மூன்று முறை என்றால் கஞ்சி, மோர், ஓ.ஆர்.எஸ். என்று சமாளித்துக்கொண்டு மாத்திரையைத் தொடரலாம். தயிரும் டாக்டர் எழுதும் புரோபயாட்டிக்கும் இந்தப் பேதியைக் குறைக்க உதவும். பேதியை நிறுத்தும் மாத்திரையை மட்டும் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். தண்ணீராக ஓயாமல் போனாலோ, ரத்தமோ காய்ச்சலோ சேர்ந்தாலோ அது வேறு கிருமி தலைதூக்கியதாக இருக்கலாம், அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

எந்தச் சாப்பாடும் இந்தக் கிருமியைக் கொல்லாது. தேனும் கருஞ்சீரகமும் ஆய்வகத் தட்டில் அதை அடக்குவது உண்மை, ஆனால் தட்டில் நடப்பது கோழைப்படலத்துக்கு அடியில் நடக்கும் என்று எடுத்துக்கொண்டு மாத்திரையை விடுவது தப்பு. மிளகாய் புண்ணை உண்டாக்கவில்லை, அழற்சியான சுவரில் பட்டால் எரியவைக்கும், அவ்வளவுதான். எரிந்தால் குறையுங்கள், எரியாவிட்டால் இரண்டு வாரம் உப்புச் சப்பில்லாமல் சாப்பிட்டு வாடவேண்டிய அவசியமே இல்லை. வயிற்றை ஒரே மூச்சில் நிரப்பினால் சுவர் இழுபடும், அந்த இழுப்பே அமிலத்தைச் சுரக்கவைக்கும், அழற்சி உள்ளவருக்கு வலியும் சீக்கிரம் தெரியும். ஆறு இட்லியை மூன்று மூன்றாக இரண்டு வேளைக்குப் பிரித்துக்கொள்வது இதனால்தான் உதவுகிறது. பஜ்ஜி, பரோட்டா மாதிரி எண்ணெய்ப் பண்டங்கள் வயிற்றை விட்டு இறங்க நேரமாகும், பொருமலும் ஏப்பமும் கூடும். காலையில் வெறும் வயிற்றில் காபி பலருக்கு எரிச்சலைக் கிளப்பும், இரண்டு இட்லிக்குப் பிறகு குடித்துப் பாருங்கள். பால் குடித்ததும் இதமாக இருப்பது கொஞ்ச நேரம்தான், அதிலுள்ள புரதமும் கால்சியமும் பிறகு அமிலத்தைக் கூட்டிவிடும்.

மாத்திரை முடிந்த மறுநாளே வயிறு பழையபடி ஆகிவிடாது. கிருமி செத்த பிறகும் அழற்சி ஆற வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள்கூட. அதனால் வலி இருக்கிறதா இல்லையா என்பதை வைத்து கிருமி போய்விட்டதா என்று சொல்லவே முடியாது. பரிசோதனை வேண்டும், அதுவும் ஆன்டிபயாடிக்கும் பிஸ்மத்தும் முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து, அமில மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்தியிருந்து. முன்னாலேயே செய்தால் அடங்கிக் கிடக்கும் கிருமி தெரியாமல் போய், இல்லை என்று பொய்யாக வந்துவிடும். மூச்சுப் பரிசோதனையில் அடையாளமிட்ட கார்பன் உள்ள யூரியாவைக் குடிக்கத் தருவார்கள். கிருமி மிச்சமிருந்தால் அதன் யூரியேஸ் அந்த யூரியாவை உடைக்கும், அடையாளமிட்ட கார்பன்-டை-ஆக்ஸைடு மூச்சில் வெளிவரும். மலத்தில் கிருமியின் புரதத்தைத் தேடும் பரிசோதனையும் நம்பகமானதுதான். ரத்தப் பரிசோதனை இதற்கு உதவாது, கிருமி போன பிறகும் அதற்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்புப்பொருள் மாதக்கணக்கில் ரத்தத்தில் இருக்கும்.

பாசிட்டிவ் என்று வந்தால் அடுத்த சுற்றுக்கு டாக்டர் வேறு கூட்டணியைத் தேர்ந்தெடுப்பார். முதல் சுற்றில் கிளாரித்ரோமைசின் கொடுத்திருந்தால் அதைத் திரும்பக் கொடுப்பதில்லை. எந்த மருந்தை எத்தனை நாள் எடுத்தீர்கள், எத்தனை வேளை விட்டுப்போனது என்பது அவருக்குத் தெரிய வேண்டும், பழைய மருந்துச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.